ரெண்டு மலை, நடுவில் சூரியன்: அதைத் தாண்டி வரைய வைப்பது எப்படி?

ஒன்றாம் வகுப்போ எட்டாம் வகுப்போ, பிள்ளைகளிடம் ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து 'இஷ்டப்பட்டதை வரை' என்று சொன்னால் பெரும்பாலும் ஒரே படம்தான் வரும். ரெண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை, வளைந்து ஓடும் ஆறு, மேலே நாலைந்து பறவை. கன்னியாகுமரி மாவட்டத்தில், தோவாளைப் பக்கம் வகுப்பறையை விட்டு வெளியே வந்தால் நிஜமான மலையே நிற்கிறது. அதன் விளிம்பு ஏறி, இறங்கி, உடைந்து, மறுபடி ஏறி நீண்டு போகிறது. முக்கோணம் எங்கேயும் இல்லை. குளச்சலிலும் முட்டத்திலும் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பது வள்ளமும் வலையும் பாறையும். குலசேகரம் பக்கம் போனால் வரிசை வரிசையாக ரப்பர் மரம். படத்தில் இவை எதுவும் வருவதில்லை.

பிள்ளைகளுக்குத் திறமை இல்லாததால் இப்படி ஆகவில்லை. கரும்பலகையில் பெரியவர்கள் போட்ட படத்தைப் பார்த்துப் போட்டே பழகியிருக்கிறார்கள். கண் முன்னால் இருப்பதைப் பார்த்து வரை என்று யாரும் அவர்களிடம் கேட்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் ஓவிய வகுப்பு எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது இதுதான்: எந்தப் பயிற்சியையும் ஒரு படத்திலிருந்து தொடங்காதீர்கள். தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு பொருளிலிருந்து, நின்று பார்க்கக்கூடிய ஓர் இடத்திலிருந்து தொடங்குங்கள்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர், ஊர் நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு நடத்த நினைக்கிறவர், விடுமுறையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி ஏதாவது செய்யலாம் என்று நினைக்கும் அம்மா, அப்பா, எல்லோருக்கும் இது பயன்படும். உங்களுக்கு நன்றாக வரையத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. பொறுமையும் முன்தயாரிப்பும் இருந்தால் போதும்.

வயதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

ஒன்றாம், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் தாளின் அடியில் ஒரு கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிற்க வைப்பார்கள். அம்மா வீட்டைவிட உயரமாக இருப்பாள். சுவருக்கு வெளியே நின்று பார்த்தாலும் உள்ளே இருக்கும் கட்டிலும் அடுப்பும் தெரியும். இதெல்லாம் தவறு இல்லை. தனக்கு எது முக்கியமோ அதைப் பிள்ளை பெரிதாகப் போடுகிறது, தனக்குத் தெரிந்ததையெல்லாம் போடுகிறது. 'கை இவ்வளவு நீளமாகவா இருக்கும்?' என்று கேட்டு அதைத் திருத்தக் கூடாது.

மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கு நுணுக்கம் பிடிக்கும், வடிவங்களைத் திரும்பத் திரும்பப் போடுவது பிடிக்கும். கத்தரிக்கோலும் கைக்கு அடங்கியிருக்கும். கோலம், பின்னல், அச்சு எல்லாம் இந்த வயதுக்குப் பொருத்தம்.

ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு மாற்றம் வரும். படம் நிஜமாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை வரும், அது கையில் வராதபோது 'எனக்கு வரைய வராது சார்' என்று தாளைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். நிறையப் பிள்ளைகள் வரைவதை வாழ்நாள் முழுக்க நிறுத்திவிடுவது இந்த இடத்தில்தான். இவர்களுக்குப் பாராட்டு மட்டும் போதாது. தூரத்துப் பொருளை எப்படிக் காட்டுவது, நிழலை எங்கே போடுவது என்று வேலைமுறையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். சின்னப் பிள்ளைக்கு உத்தி சொல்லிக் கெடுப்பதும், பெரிய பிள்ளைக்கு உத்தி சொல்லாமல் விடுவதும் ஒரே அளவு பாதகம் என்றே நினைக்கிறேன்.

என்னென்ன வேண்டும்

தாளில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் பொதுவாக 70, 75 ஜிஎஸ்எம் கனம்தான் இருக்கும். பென்சிலுக்கும் கிரயானுக்கும் சரி, தண்ணீர் பட்டால் சுருண்டுவிடும். வண்ணம் பூசுவதென்றால் வெள்ளைச் சார்ட் வாங்கி வெட்டிக்கொள்வது நல்லது. 22-க்கு 28 அங்குலச் சார்ட் ஒன்றை எட்டாக வெட்டினால் 11-க்கு 7 அங்குலத்தில் எட்டுத் துண்டு கிடைக்கும். ஒரு பிள்ளைக்கு ஒரு துண்டு போதும்.

வண்ணத்துக்குப் போஸ்டர் கலர். சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு, வெள்ளை என்று ஐந்து புட்டி வாங்கினால் போதும், மற்றதைப் பிள்ளைகள் கலந்து கண்டுபிடிக்கட்டும். பச்சை வாங்காமல் இருப்பதே நல்லது. நீலத்தையும் மஞ்சளையும் கலக்கும்போது பச்சை வருவதை ஒரு பிள்ளை தன் கையால் பார்க்க வேண்டும். வண்ணம் கலக்கச் சிரட்டை (தேங்காய் ஓடு), தண்ணீருக்கு இன்னொரு சிரட்டை. அடியில் கொஞ்சம் மணலோ துணியோ வைத்தால் உருளாது. பழைய செய்தித்தாள், கிழிந்த வேட்டித் துணி, துணி காயப்போடும் கிளிப், ஒரு நீளக் கயிறு. பிரஷ் தடிமனாக ஒன்று, மெலிதாக ஒன்று. ஒட்ட ஃபெவிகால் வேண்டும் என்பதில்லை. மைதாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சிய பசை எல்லாக் காகித வேலைக்கும் தாங்கும். ஆனால் அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள்.

இன்னொன்று, மழை. இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையிலும் அக்டோபர், நவம்பரிலும் வண்ணம் காய வெகுநேரம் எடுக்கும். ஈரம் அதிகமாகத் தேவைப்படும் வேலைகளை வெயில் மாதங்களுக்கு வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் பென்சில், கரி, காகித வெட்டு வேலைகளைச் செய்யுங்கள். கயிற்றைக் கட்டிப் படங்களைக் கிளிப்பில் தொங்கவிட்டால் மேசை காலியாக இருக்கும், ஒன்றோடொன்று ஒட்டவும் ஒட்டாது.

முதல் வகுப்பு: ஓட்டை வழியாகப் பார்ப்பது

மூன்றாம் வகுப்புக்கு மேல் யாருடனும் இதில் தொடங்கலாம். தபால் அட்டை அளவுள்ள ஓர் அட்டையின் நடுவில் 2-க்கு 3 அங்குலத்தில் செவ்வக ஓட்டை வெட்டிக் கொடுங்கள். பழைய நோட்டு அட்டை போதும். பிள்ளைகள் வெளியே வந்து ஒரு கண்ணை மூடி, அட்டையை முகத்துக்கு அருகிலும் தள்ளியும் பிடித்து, ஓட்டைக்குள் என்ன தெரிகிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிடத்துக்குப் பென்சிலே கூடாது. அப்புறம் கேளுங்கள்: ஓட்டையின் எந்த ஓரத்தில் மலை வெட்டுப்படுகிறது? தென்னையின் தலை தெரிகிறதா, இல்லை வெறும் தடி மட்டுமா? தடி நேராக நிற்கிறதா, எந்தப் பக்கம் சாய்கிறது?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு தாளில் அதே செவ்வகத்தைப் பெரிதாக வரைந்து, உள்ளே தெரிந்ததை மட்டும் கோடாகப் போடச் சொல்லுங்கள். ரப்பர் வேண்டாம். தப்பாகத் தோன்றினால் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டுக்கொள்ளலாம். மலையின் கோடு தாளின் ஓரம் வரை போய் வெட்டுப்பட்டு நிற்கிறதே, அதைப் போட்ட நிமிடத்தில் அந்த முக்கோண மலை போய்விடுகிறது. மரத்தின் பாதி மட்டும் படத்துக்குள் இருக்கலாம் என்பது பல பிள்ளைகளுக்கு அன்றைக்குத்தான் தெரியவரும்.

சின்னவர்களுக்கு: இலை அச்சு

ஒன்றாம், ரெண்டாம் வகுப்புக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியாது. பிரஷ் பிடிக்கத் தெரியாத பிள்ளைக்கும் அழகான படம் வரும்.

முந்தைய நாளே இலை கொண்டுவரச் சொல்லாதீர்கள், வாடிச் சுருண்டுவிடும். வகுப்பு தொடங்கியதும் பத்து நிமிடம் பள்ளி வளாகத்தைச் சுற்றிப் பொறுக்கவிடுங்கள். பூவரசு, செம்பருத்தி, பலா, மா, கொய்யா எல்லாம் நன்றாக வரும். கொய்யா இலையின் நரம்பு மிகத் தெளிவாக விழும். சேம்பிலையை ஒரு பிள்ளையாவது கொண்டுவரும். அதில் வண்ணம் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டோடிவிடும். அதைத் தடுக்காதீர்கள், எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஆனால் சேம்பின் தண்டை உடைத்து அதன் சாறு பட்டால் கை அரிக்கும். இலையை நீங்களே நறுக்கிக் கொடுங்கள். ரப்பர் இலையையும் பலா இலையையும் பறித்ததும் காம்பில் பால் வடியும். சட்டையில் பட்டால் கறை போகாது என்பதால் கொஞ்ச நேரம் செய்தித்தாளில் வைத்துப் பால் வற்றியதும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேசையில் செய்தித்தாள் நாலைந்து மடிப்பாக விரிக்க வேண்டும், அடி மெத்தென்று இருந்தால்தான் நரம்பு தாளில் படும். இலையின் பின்பக்கத்தில்தான் நரம்பு புடைத்திருக்கும், வண்ணத்தை அந்தப் பக்கத்தில் பூச வேண்டும். போஸ்டர் கலரில் தண்ணீர் அதிகம் சேர்க்கக் கூடாது. தோசை மாவுப் பதம் சரியாக இருக்கும். பூசிய பக்கம் கீழே இருக்கும்படி இலையைத் தாளில் வைத்து, மேலே இன்னொரு செய்தித்தாளைப் போட்டு, உள்ளங்கையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்க்க வேண்டும். இலை நகரக் கூடாது. காம்பைப் பிடித்து மெதுவாகத் தூக்கினால் அச்சு விழுந்திருக்கும்.

முதல் அச்சு பெரும்பாலும் அப்பிக்கொண்டுதான் வரும். வண்ணம் சேர்க்காமல் அதே இலையை அப்படியே ரெண்டாவது முறை அழுத்தச் சொல்லுங்கள், நரம்பெல்லாம் அதில்தான் தெரியும். அடுத்த வாரம் அந்த அச்சுகளை எடுத்துக் கொடுத்து 'இது என்னவாகத் தெரிகிறது?' என்று கேளுங்கள். ஒரு பிள்ளைக்கு மீன், ஒரு பிள்ளைக்குக் கோழி. கிரயானால் கண்ணும் காலும் வாலும் சேர்த்துக்கொள்வார்கள். இது மீன்தான் என்று நீங்கள் முந்திச் சொல்லிவிட்டால் வகுப்பு முழுக்க மீன் நீந்தும்.

நம்மூர் மண்ணும் பூவும் வண்ணமாக

நாலாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை செய்யலாம். ரெண்டு பாடவேளை சேர்ந்தாற்போல வேண்டும்.

செம்மண் இங்கே மேற்குத் தாலுகாக்களில் எங்கும் கிடைக்கும். பழைய துணியில் சலித்து, தண்ணீரில் கரைத்து, கல் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் கலங்கலை வேறு பாத்திரத்தில் ஊற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தெளிந்த நீரை வடித்தால் அடியில் இருக்கும் குழைந்த மண்தான் வண்ணம். அதோடு கொஞ்சம் ஃபெவிகாலோ வடித்த கஞ்சியோ சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் காய்ந்ததும் தூளாக உதிரும். சிரட்டைக் கரியை அரைத்துச் சலித்தால் கறுப்பு. மஞ்சள்பொடியைக் கஞ்சியில் குழைத்தால் மஞ்சள். தேக்கின் தளிரை உள்ளங்கையில் கசக்கினால் ரத்தச் சிவப்பாக வரும். முருங்கை இலையைத் தாளில் அப்படியே தேய்த்தாலும் பச்சை ஒட்டும்.

சங்குப்பூவுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள். ஒரு கைப்பிடி நீலப் பூவைக் கால் டம்ளர் சுடுதண்ணீரில் போட்டு வைத்தால் ஆழ்ந்த நீலம் இறங்கும். அதில் எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் ஊதாவாக, பிறகு இளஞ்சிவப்பாக மாறும். மஞ்சள் பூசிய தாளில் சோப்புத் தண்ணீர் தொட்ட பிரஷால் வரைந்தால் கோடு சிவப்பாகும். அமிலம், காரம் என்று அறிவியல் பாடத்தில் படிப்பதை இங்கே கண்ணால் பார்க்கிறார்கள். அறிவியல் ஆசிரியரையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். மஞ்சளைச் சிவப்பாக்கச் சுண்ணாம்பைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம், தோலையும் கண்ணையும் புண்ணாக்கிவிடும்.

செய்த படங்களில் ஒன்றை வெயில் படும் சுவரிலும் இன்னொன்றை நிழலிலும் ஒட்டிவிட்டு ரெண்டு வாரம் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மஞ்சளும் பூச்சாறும் வெளிறியிருக்கும், செம்மண்ணும் கரியும் அப்படியே இருக்கும். பழைய சுவரோவியங்களில் காவி மண்ணையும் விளக்குக் கரியையும் சுண்ண வெள்ளையையும் ஏன் நம்பினார்கள் என்று அப்போது பேசலாம். பத்மநாபபுரம் அரண்மனையிலும் திருநந்திக்கரைக் குகைக்கோயிலிலும் சுவரோவியம் இருப்பதைச் சொல்லலாம். தூர ஊர்ப் பெயர்களைவிட இந்தப் பெயர்கள் பிள்ளைகளுக்கு நெருக்கமானவை.

தவிர்க்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பும் சிவப்புமான மணல் பார்க்க மிக அழகு, மணல் ஓவியம் செய்யலாம் என்று தோன்றும். அது இல்மனைட், கார்னெட், மோனசைட் கலந்த கனிம மணல். மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. வாரிக்கொண்டு வருவதும் வகுப்பறையில் தூசி கிளப்புவதும் வேண்டாம், கோலப்பொடியே போதும். பச்சைக் கொல்லாங்கொட்டையின் (முந்திரிக் கொட்டையின்) ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலைச் சுட்டுவிடும். அண்டி ஆபீசில், அதாவது முந்திரித் தொழிற்சாலையில், வேலை செய்யும் அம்மாக்களைக் கேட்டால் கையைக் காட்டிச் சொல்வார்கள். கொட்டை வேண்டாம், கொல்லாம் இலை மட்டும் அச்சுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

மாணிக்க மாலையிலிருந்து காகிதப் பின்னல்

தோவாளை மாணிக்க மாலைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சை நொச்சி இலை இவற்றை மடித்து, கல் பதித்த நகைக்கு இணையாகத் தட்டையாகக் கட்டுவார்கள். சதுரம் சதுரமாக வண்ணம் மாறிவரும் அந்த ஒழுங்கு, மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு அருமையான பாடம். ஆனால் பூவைக் கொண்டு செய்யாதீர்கள். அரளிச் செடியின் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் கையை வாயில் வைப்பார்கள். காகிதத்தில் செய்வோம்.

ஒரு மாலையைக் காட்டி, அல்லது பெரிய புகைப்படத்தைக் காட்டி, எந்த வண்ணத்துக்கு அடுத்து எந்த வண்ணம் வருகிறது என்று எண்ண வையுங்கள். அப்புறம் கணக்கு நோட்டின் கட்டங்களில் சிவப்பு, வெள்ளை, பச்சை நிரப்பித் தங்கள் ஒழுங்கை வடிவமைக்கட்டும். பின்னலுக்கு ஒரு வண்ணச் சார்ட் துண்டை ரெண்டாக மடித்து, மடிப்பிலிருந்து மறு ஓரத்துக்கு 2 சென்டிமீட்டர் குறைய நிறுத்தி, 2 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கீறுங்கள். விரித்தால் ஓரம் விடாமல் நிற்கும் கீற்றுகள் கிடைக்கும். வேறு வண்ணத்தில் 2 சென்டிமீட்டர் அகலப் பட்டைகளை வெட்டி, முதல் பட்டையை மேல், கீழ், மேல், கீழ் என்று நுழைக்க வேண்டும்; அடுத்த பட்டை கீழ், மேல் என்று தொடங்க வேண்டும். ஒவ்வொரு பட்டையையும் முந்தையதோடு நெருக்கித் தள்ளிவிட்டு முனையை ஒட்டிவிடுங்கள்.

ஓலைப்பாய் முடையத் தெரிந்த பாட்டி எந்தப் பிள்ளையின் வீட்டிலாவது இருப்பார். அவரை வகுப்புக்கு அழைத்து உட்காரவைத்தால் நீங்கள் ஒரு மாதம் சொல்லிக்கொடுப்பதை அவர் அரைமணி நேரத்தில் காட்டிவிடுவார்.

ஓணத்துக்கு இங்கே வீட்டு முற்றத்தில் போடும் அத்தப்பூக் கோலத்தை வைத்து வட்டத்தை எட்டாகப் பிரிப்பது, கிறிஸ்மஸுக்கு ஈர்க்கிலும் வண்ணத்தாளும் கொண்டு நட்சத்திரம் கட்டுவது, இவையும் இதே வயதுக்கு உரியவைதான். பெரும்பாலான வீடுகளில் செய்து பழக்கம் இருப்பதால் விளக்கம் அதிகம் வேண்டாம். களிமண்ணுக்குச் சுங்கான்கடையில் மண்பாண்டம் செய்கிறவர்களிடம் கேட்டால் பதமான மண் கிடைக்கும். கை, கால், கொம்பு என்று மெல்லிசாக நீட்டி ஒட்டினால் காய்ந்ததும் உடையும், திரண்ட வடிவங்களாகச் செய்து நிழலில் காயவிடுங்கள்.

பெரியவர்களுக்கு: மாத்தூர்ப் பாலமும் தூரமும்

தூரத்தைத் தாளில் காட்டும் முறையைக் கற்பிக்க மாத்தூர் தொட்டிப் பாலத்தைவிட நல்ல கரும்பலகை இந்த மாவட்டத்தில் இல்லை. பரளியாற்றின் குறுக்கே 115 அடி உயரத்தில், 28 தூண்கள் தாங்க, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீரைக் கொண்டுபோகிறது. மேலே நடைபாதையில் நின்று நேராகப் பார்த்தால் ரெண்டு பக்கச் சுவரும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது தெரியும். போக முடியாதவர்கள் புகைப்படத்தை வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பள்ளியின் நீள வராந்தாவும் அதே வேலையைச் செய்யும்.

தாளின் குறுக்கே கண்மட்டத்தில் ஒரு கோடு. அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து தாளின் கீழ் மூலைகள் ரெண்டுக்கும் அளவுகோல் வைத்துக் கோடு இழுத்தால் நடைபாதை வந்துவிட்டது. மேல் மூலைகளுக்கும் இழுத்தால் வராந்தாவின் கூரை. இனித் தூண்கள். எல்லாத் தூணும் செங்குத்துதான், ஆனால் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் இடையில்தான் நிற்க வேண்டும், ஆகவே உள்ளே போகப் போகத் தானாகக் குட்டையாகும். பிள்ளைகள் தவறுவது இடைவெளியில்; உயரத்தைக் குறைத்துவிட்டு இடைவெளியைச் சமமாக விட்டுவிடுவார்கள். 'தூரத்துத் தூண்கள் நெருக்கமாகத் தெரிகிறதா, தள்ளித் தெரிகிறதா?' என்று கேட்டு நிஜத் தூண்களைப் பார்க்க வையுங்கள். விதியாகச் சொல்லிக் கொடுப்பதைவிட அவர்களே பார்த்துத் திருத்துவது நல்லது. வரைய வராது என்று சொல்லிவந்த ஆறாம் வகுப்புப் பையன் தன் தாளுக்குள் ஒரு வராந்தா நீண்டு போவதைப் பார்த்ததும் இன்னொரு தாள் கேட்பான்.

சுற்றுலாவாக ஓரிடத்துக்குத்தான் அழைத்துப்போக முடியும் என்றால் பத்மநாபபுரம் அரண்மனையைச் சொல்வேன். முகப்பு மண்டபத்தின் மரக்கூரையில் விதவிதமான பூக்களைச் செதுக்கியிருக்கிறார்கள். 90 பூ என்பார்கள், ஒன்றுபோல ஒன்று இருக்காது. ஒரு பிள்ளைக்கு ஒரு பூ. சின்ன நோட்டில் பென்சிலால் குறித்துவந்து, வகுப்பில் பெரிதாக வரைந்து, எல்லாவற்றையும் சேர்த்து ஒட்டினால் வகுப்பறைக்கே ஒரு கூரை ஆகிவிடும். திங்கட்கிழமை அரண்மனைக்கு விடுமுறை, வண்டி பேசுவதற்கு முன்னால் கவனியுங்கள்.

பாவைக்கூத்து: ஒரு பருவம் முழுக்கச் செய்யும் வேலை

நாகர்கோவில் வட்டாரத்தில் தோல்பாவைக்கூத்து நடத்திவரும் குடும்பங்கள் உண்டு. வீட்டில் மராத்தி பேசும் கலைஞர்கள் தமிழில் ராமாயணக் கதையை நிழலாக ஆட்டிக் காட்டுகிறார்கள். ஆட்டுத்தோலை ஒளி புகும்படி பதப்படுத்தி, வண்ணம் தீட்டி, நகையும் ஆடைக்கரையும் வரும் இடங்களில் சின்னச் சின்னத் துளைகள் போடுவார்கள். திரைக்குப் பின்னால் விளக்கு எரிந்தால் துளை வழியே ஒளி வந்து நகை மின்னும். முடிந்தால் ஒரு கலைஞரைப் பள்ளிக்கு அழைத்து, அவருக்குரிய ஊதியம் கொடுத்து, நடத்திக் காட்டச் சொல்லுங்கள். கலையைப் பரப்புகிறோம் என்று இலவசமாகக் கேட்பது நியாயமில்லை.

வகுப்பில் தோலுக்குப் பதில் அட்டை. நான்கைந்து பேர் கொண்ட குழு ஒவ்வொன்றும் தங்கள் ஊர்க் கதை ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். மூன்று பாத்திரத்துக்கு மேல் வேண்டாம், ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். உருவத்தைப் பக்கவாட்டில் வரையச் சொல்லுங்கள். நேர்முகமாக வரைந்தால் நிழலில் மூக்கும் தாடையும் தெரியாமல் வெறும் வட்டமாகிவிடும். உயரம் ஒரு அடி இருக்கட்டும். கை ஆட வேண்டுமானால் கையைத் தனியாக வெட்டி, தோளில் 2 சென்டிமீட்டர் மேலே ஏற்றிவைத்து, துளை போட்டு நூல் கோத்து ரெண்டு பக்கமும் முடிச்சுப் போட வேண்டும். இறுக்கினால் ஆடாது.

கண், வளையல், ஆடைக்கரை இவற்றைத் துளையாகப் போடுவதுதான் இந்த வேலையின் உயிர். மெத்தென்ற அட்டைக் கட்டு அல்லது பழைய செருப்பின் ரப்பர்மேல் வைத்து ஊசி, ஆணி, பஞ்ச் கருவி என்று விதவிதமாகக் குத்திப் பார்க்கட்டும். கத்தி வேலையை ஏழாம் வகுப்புக்குக் கீழே கொடுக்க வேண்டாம். வண்ணம் வேண்டிய இடத்தை வெட்டி எடுத்துவிட்டுப் பின்னால் வண்ணக் கண்ணாடித் தாளை ஒட்டலாம். பிடிக்க ஒற்றை ஈர்க்கில் போதாது, வளையும்; மூன்றைச் சேர்த்துக் கட்டுங்கள், இல்லாவிட்டால் மூங்கில் சீவல் நல்லது.

திரைக்கு வெள்ளை வேட்டியை ஒற்றையாக, சுருக்கம் இல்லாமல் வாசற்படியில் இழுத்துக் கட்டுங்கள். பின்னால் நாலைந்து அடி தள்ளி ஒரே ஒரு விளக்கு. ரெண்டு விளக்கு வைத்தால் நிழலும் ரெண்டாகும். எண்ணெய் விளக்கு வேண்டாம், பிள்ளைகளும் துணியும் காகிதமும் இருக்கும் இடம். பாவையைத் துணியோடு ஒட்டிப் பிடித்தால் நிழல் கூர்மையாக விழும், விளக்கை நோக்கிப் பின்னால் கொண்டுபோனால் பெரிதாகி மங்கும். அரக்கன் வளர்வதையும் கப்பல் தூரம் போவதையும் இதை வைத்தே காட்டலாம் என்று பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிப்பார்கள்.

கடற்கரை ஊர்ப் பள்ளிகளில் ஒரு கவனம் வேண்டும். கதை கேட்டால் சில குழுக்கள் ஒக்கிப் புயலைச் சொல்லக்கூடும். 2017-இல் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பிள்ளைகள் அந்த வகுப்பிலேயே இருக்கலாம். நீங்களாக அதைத் தலைப்பாகக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை தானாக அந்தக் கடலை வரைந்தால் வரையவிடுங்கள், அருகில் உட்காருங்கள், அது பேசினால் கேளுங்கள். அந்தப் படத்தை அதன் சம்மதம் இல்லாமல் சுவரில் ஒட்டக் கூடாது.

வகுப்பில் எப்படிப் பேசுவது

40 நிமிடப் பாடவேளையில் பார்ப்பதற்குப் பத்து, செய்வதற்கு இருபது, கழுவித் துடைத்து எடுத்துவைக்கப் பத்து. கடைசிப் பத்தை விட்டுவிட்டால் அடுத்த ஆசிரியரிடம் நீங்கள் பேச்சு கேட்க வேண்டிவரும், பிரஷும் பாழாகும். பிரஷை நுனி கீழாகத் தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். கழுவி, நுனியை விரலால் கூராக்கிப் படுக்கவைத்துக் காயவிடுங்கள்.

'சூப்பர்', 'நல்லா இருக்கு' என்று சொல்லிக்கொண்டே போனால் பிள்ளைக்கு எதுவும் கிடைப்பதில்லை. நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள்: 'வள்ளத்தின் மூக்கை மட்டும் அழுத்திப் போட்டிருக்கிறாய், அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.' 'இது என்ன?' என்று கேட்பதைவிட 'இதைப் பற்றிச் சொல்லு மக்கா' என்பது நல்லது. பிள்ளையின் தாளில் நீங்கள் ஒரு கோடுகூடப் போடக் கூடாது. காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் வேறொரு தாளில் போட்டுக் காட்டிவிட்டு அதை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். ஒட்டும்போது எல்லாப் படத்தையும் ஒட்டுங்கள். நல்லது பத்தைப் பொறுக்கி ஒட்டினால் மற்ற முப்பது பேர் அடுத்த வாரம் கரும்பலகையைப் பார்த்து வரையத் தொடங்குவார்கள்.

அரசுப் பள்ளிகளில் 2022 முதல் நடக்கும் கலைத் திருவிழாவில் ஓவியப் போட்டிகள் உண்டு. விருப்பமுள்ள பிள்ளைகளை அனுப்புங்கள், ஆனால் ஜெயித்த பழைய படத்தை மனப்பாடம் செய்ய வைத்து அனுப்பாதீர்கள். தலைப்பைக் கொடுத்ததும் தன் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று யோசிக்கப் பழகிய பிள்ளைக்கு அதுவே பெரிய பலம்.

படங்களைப் பாதுகாக்க வேறு செலவு வேண்டாம். ஒவ்வொன்றின் பின்னாலும் பெயர், வகுப்பு, தேதி, அதைப் பற்றிப் பிள்ளை சொன்ன ஒரு வாக்கியம். இடையில் செய்தித்தாள் வைத்து, ரெண்டு பெரிய அட்டைக்கு நடுவில் கட்டி, தரையில் வைக்காமல் பரணிலோ மேல்தட்டிலோ வையுங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை பிரித்துக் காற்றாட விடுங்கள். ஏப்ரலில் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிள்ளையிடம் காட்டிவிட்டு, அத்தனையையும் வீட்டுக்கே கொடுத்தனுப்புங்கள். அலமாரியில் விட்டுவைத்தால் ஜூனில் பள்ளி திறக்கும்போது கரையானுக்குப் பாதி போயிருக்கும்.